முகம், காது, முதுகெலும்பு: 40 சதவீதக் கணக்கில் தவறிப்போகும் குழந்தைகள்

மாற்றுத்திறனாளி சான்றிதழில் போட்ட சதவீதம் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கெடு நெருங்கும் கவலையோடு, “ஒரு பக்கம் காதே வளரவில்லை, முதுகும் வளைந்திருக்கிறது; அப்படியிருந்தும் சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீதம் ஏன் வரவில்லை?” என்று ஸ்ரீரங்கம், திருச்சிப் பகுதிப் பெற்றோர் எழுதிக் கேட்கிறார்கள்.

இப்படிக் காதையும் முதுகெலும்பையும் சேர்த்துப் பாதிக்கும் கோல்டன்ஹர் குறைபாட்டை 1952-இல் மாரிஸ் கோல்டன்ஹர் விவரித்தார். பெரும்பாலும் முகத்தின் ஒரு பக்கத்தில் தாடையும் காதும் சிறுத்திருக்கும். கழுத்து, முதுகு எலும்புகள் ஒட்டியோ அரைகுறையாகவோ இருக்கலாம்.

7 வகைக் குறைபாடுகளை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 ஆக்கியதாக அரசு பெருமை பேசுகிறது. அந்தப் பட்டியலில் முகச் சிதைவு என்றால் அமில வீச்சுக்கு ஆளானவர்கள் மட்டுமே. பிறவியிலேயே முகம் கோணியிருக்கும் குழந்தைக்கு அதில் பெயரில்லை.

செவிக்கு மத்திய அரசின் வழிகாட்டி தரும் கணக்கு இது: நல்ல காதின் இழப்பை 5-ஆல் பெருக்கி, மோசமான காதின் இழப்பைக் கூட்டி, 6-ஆல் வகுக்க வேண்டும். ஒரு காது துளியும் கேட்காவிட்டாலும், மறுகாது நன்றாக இருந்தால் கிடைப்பது 17 சதவீதம்தான்.

முதுகெலும்புக்கு 25 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டினால் 42. ஆனால் நேராகக் கூட்ட விதி விடாது. பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். விடை 37. மூன்று புள்ளியில் சலுகைகள் கைநழுவுகின்றன.

மொத்தம் நூறைத் தாண்டாமலிருக்க இப்படியொரு சூத்திரம் தேவைதான். ஆனால் கழுத்தெலும்பு ஒட்டிய பிள்ளையால், கேட்கும் காதைப் பேசுபவர் பக்கம் திருப்பவும் முடியாது. இரைச்சலான வகுப்பறையில் ஒரு குறை இன்னொன்றைப் பெரிதாக்குகிறது. சூத்திரமோ அதைச் சுருக்குகிறது. இது மருத்துவக் குழுவின் பிழையல்ல, விதியின் பிழை.

பெற்றோர் கேட்கும் மற்ற கேள்விகள்: கிரகணத்தால் வந்ததா? இல்லை.

அடுத்த குழந்தைக்கும் வருமா? பெரும்பாலும் வராது, மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

அறிவு வளர்ச்சி? பெரும்பாலான குழந்தைகளுக்கு இயல்பாகவே இருக்கும்.

வேறென்ன பார்க்க வேண்டும்? இதயம், சிறுநீரகம், கண்.

அறுவை சிகிச்சை என்றால்? கழுத்தெலும்பு, தாடை நிலையை மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

40-க்குக் கீழே வந்தாலும் அட்டை உண்டா? உண்டு, வெள்ளை நிறத்தில்.

மேல்முறையீட்டில் கண், காது, பேச்சு, முதுகெலும்பு நான்கையும் தனித்தனி நிபுணர்கள் அளக்க வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். ஏதேனும் ஒன்றை அளக்காமல் விட்டிருந்தால் மொத்தமும் குறைந்திருக்கும். விதியைத் திருத்த வேண்டியது மத்திய அரசு. அதுவரை 90 நாளைத் தவறவிடாதீர்கள்.