பழைய பிக்கப் வாங்குமுன் ஆர்.சி.யைத் திறந்து பாருங்கள்

பத்துப் பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிய டிரைவர் ஒருவர் சொந்தமாக லோடு வண்டி வாங்க நினைக்கும்போது, புது வண்டியின் விலை அவர் கைக்கு எட்டுவதில்லை. மனைவியின் நகை, மைத்துனரிடம் கைமாற்று, சீட்டு எடுத்த பணம் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு அவர் போய் நிற்கும் இடம் பழைய வண்டிக் கடை. பொலிரோ பிக்கப், தோஸ்த், குட்டியானை என்று ஊரே கூப்பிடும் டாடா ஏஸ், இவற்றில் ஏதோ ஒன்று, ஐந்தாறு வருடம் ஓடிய டீசல் வண்டி. துணைக்கு ஒரு மெக்கானிக்கும் போகிறார். பானட்டைத் திறந்து, ஸ்டார்ட் பண்ணி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்ஜின் நல்லாயிருக்குண்ணே" என்கிறார். அன்றே அட்வான்ஸ் கைமாறிவிடுகிறது.

இன்ஜினைப் பார்த்தது சரிதான். அது பழுதானால் செலவோடு போகும். ஆவணத்தில் பழுதிருந்தால் வண்டியும் போகும், கொடுத்த பணமும் போகும், சில நேரம் வீட்டுக்கு நீதிமன்ற நோட்டீசும் வரும். ஆகவே ஆர்.சி.யிலிருந்து தொடங்குவோம்.

லோடு வண்டிகளில் பெரும்பாலானவை ஃபைனான்ஸில் வாங்கப்பட்டவை. கடன் முடியும்வரை ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். சந்தையில் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் வாசகம் இது: "ரெண்டு லட்சம் கையில கொடுங்க, மிச்ச டியூவ நீங்க கட்டிக்கோங்க." விலை குறைவாகத் தெரியும். வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, கையெழுத்து மட்டும் போட்ட 29, 30 எண் பெயர் மாற்றப் படிவங்களைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கண்ணில் நீங்கள் யாரும் இல்லை. கடன்காரர் பழைய ஓனர்தான். நீங்கள் அவரிடம் மாதாமாதம் கொடுக்கும் பணத்தை அவர் கட்டாமல் விட்டால், கடன் ஒப்பந்தப்படி நிறுவனம் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ரோட்டில் மறித்து அடியாட்களை வைத்துப் பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது. அதற்காக, உங்கள் இரண்டு லட்சத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு வந்துவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி, கடன் உள்ள வண்டியின் பெயரை மாற்ற நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். அது இல்லாத ஒப்பந்தம் உங்களுக்குப் பாதுகாப்பு தராது.

விற்பவர் நேர்மையானவர் என்றால் இந்த வேலையை முறையாகவே செய்யலாம். அவரோடு ஃபைனான்ஸ் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பாக்கி எவ்வளவு என்று அவர்கள் லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே வங்கி மூலம் செலுத்துங்கள். தடையில்லாச் சான்றும், ஹெச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் செய்வதற்கான படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் அந்தப் பெயர் நீங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். அந்தத் தடையில்லாச் சான்று பொதுவாக மூன்று மாதம்தான் செல்லும். வாங்கி பீரோவில் வைத்துவிடக் கூடாது. சீஸிங் செய்யப்பட்ட வண்டியை யார்டில் ஏலத்தில் எடுக்கிறீர்கள் என்றால், பழைய ஓனர் வந்து கையெழுத்துப் போடுவார் என்று நம்பாதீர்கள். நிறுவனம் படிவம் 36 மூலம் தன் பெயரில் புது ஆர்.சி. வாங்கிவிட்டதா என்று கேளுங்கள்.

அடுத்தது பெயர் மாற்றம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும், வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-ஆம் பிரிவு. ஆனால் சந்தையில் ஒரே வண்டி மூன்று நான்கு கை மாறியும் முதல் ஓனர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதன் விபரீதத்தை விற்பவர்தான் முதலில் உணர வேண்டும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: வண்டியை விற்றுவிட்டேன் என்று சொன்னால் போதாது, விபத்து நடந்த நாளில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. அந்த வழக்கில் பதிவு உரிமையாளர் 2007-இல் காரை விற்றவர். விபத்து நடந்தது 2009-இல். நடுவில் வண்டி பல கை மாறியிருந்தது.

வாங்கியவருக்கும் நிம்மதி கிடையாது. ஆர்.சி. வேறு பெயரில் இருக்கும்போது இன்ஷூரன்ஸும் அந்தப் பெயரில்தான் இருக்கும். 157-ஆம் பிரிவின்படி மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு சேர்ந்து மாறியதாகக் கருதப்படும். உங்கள் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கு அந்தச் சலுகை இல்லை என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது. அதைக் காட்டி விலையை உயர்த்தினால் ஏமாறாதீர்கள்.

பழைய வண்டிக் கடைகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் புது விதி இருக்கிறது. பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் வியாபாரி ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும். ஓனர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் அதை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். பழைய வண்டிச் சந்தையின் பாதி சண்டையைத் தீர்க்கக்கூடிய விதி இது. வாங்கப் போகிறவர்கள் கேட்கத் தொடங்கினால்தான் கடைக்காரர்கள் கடைப்பிடிப்பார்கள். "உங்கள் அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிந்தவை பல. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், வரி எதுவரை, ஃபைனான்ஸ் உண்டா, தடைப்பட்டியலில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். மஞ்சள் போர்டு வண்டிக்கு முதல் எட்டு வருடம் இரண்டாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதன் பின் வருடா வருடம். எட்டைத் தாண்டிய வண்டிக்கு இந்தச் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டும் வண்டி என்றால் பெர்மிட்டும் பார்க்க வேண்டும். சேஸிஸ் எண்ணை நேரில் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஓனர் இறந்திருந்தால், முதலில் வாரிசு பெயருக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் பிறகு பேசுங்கள்.

இனி வண்டியிடம் வருவோம். எவ்வளவு எடை, எந்த ரோட்டில் என்பதை முடிவு செய்யாமல் வண்டி தேடக் கூடாது. 2005-இல் வந்த டாடா ஏஸ் 702 சி.சி. இரண்டு சிலிண்டர் இன்ஜினோடு, முக்கால் டன் அளவு சரக்கை ஊருக்குள் சுற்றி இறக்கத் தோதாகப் படைக்கப்பட்டது. அதில் ஒன்றரை டன்னை ஏற்றித் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறச் சொல்வது வண்டிக்கும் ஆபத்து, பின்னால் வருபவருக்கும் ஆபத்து. தோஸ்த் மூன்று சிலிண்டர், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் இன்ஜின், நடுத்தர வேலைக்கு. மலை ஏற்றமும் இழுவையும் முக்கியம் என்றால் இரண்டரை லிட்டர், நான்கு சிலிண்டர் பொலிரோ பிக்கப்பைத்தான் நான் சொல்வேன். சின்ன ஊரிலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கும் ஸ்பேரும் கிடைக்கும்.

காலையில் இன்ஜின் சூடாகுமுன் போங்கள். பானட்டில் கை வையுங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை நீடித்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது கரும்புகை கொட்டினால் இன்ஜெக்டரோ டர்போவோ பார்க்க வேண்டும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபு என்று தள்ளினால் மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். இன்ஜின் வேலை நெருங்கிவிட்டது. ஆறிய ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

லோடு வண்டியின் உண்மையான வயது கீழே படுத்துப் பார்த்தால்தான் தெரியும். பின்பக்க ஸ்பிரிங்கில் பட்டை கூட்டிப் போட்டிருந்தால் அது ஓவர்லோடு ஓடிய வண்டி. சேஸிஸில் வெல்டிங் தடம், புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ட், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர் இவற்றை விடாதீர்கள். மீன் லோடு அடித்த வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி பாடியும் சேஸிஸும் உள்ளுக்குள் அரித்திருக்கும். மேலே பளபளப்பாக இருக்கும். 2023 டிசம்பரில் சென்னையும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளும் மூழ்கியபோது நனைந்த வண்டிகள் பிறகு எந்தெந்த ஊருக்குப் போயின என்று யாருக்குத் தெரியும்? சீட்டுக்கு அடியில், ஃபியூஸ் பெட்டியில் சேற்றுத் தூள் இருக்கிறதா பாருங்கள். மீட்டர் ரீடிங்கை நம்பாமல், கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரை வைத்தே பழைய சர்வீஸ் கணக்கை எடுக்கச் சொல்லுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ்.6 வண்டிகள். இவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றினால் செலவு அதிகம் என்று சிலர் அதைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டரில் மறைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டியை வாங்கினால் சிக்கல் உங்கள் தலையில் ஏறும்: ஓனர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது.

லோடு இல்லாத வண்டியை ஓட்டிப் பார்ப்பது போதாது. உங்கள் வழக்கமான எடையை ஏற்றி ஒரு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் நிறுத்தி எடுங்கள். கிளட்ச் வழுக்குகிறதா, வெப்பமானி ஏறுகிறதா, இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறதா என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கலவை மிஷினையோ ஜெனரேட்டரையோ பின்னால் கட்டி இழுக்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். இன்ஷூரன்ஸும் இருக்க வேண்டும். ஓவர்லோடு பிடிபட்டால் 20,000 ரூபாய், அதன்மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

வாங்கிய பிறகு ஏமாற்றம் தெரிந்தால்? லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாது என்று கடைக்காரர் மிரட்டுவார். இந்த மிரட்டலை நம்பி வீட்டுக்குத் திரும்பியவர்கள் ஏராளம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிய பொருள் வணிக நோக்கம் ஆகாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோரே, உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது என்று சொன்னது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கு அது. பத்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டும் முதலாளிக்குத்தான் அந்தக் கதவு மூடியது.

ஒரு வேறுபாடு உண்டு. இந்த உரிமை கடைக்காரர், வண்டி விற்கும் நிறுவனம் போன்ற வியாபாரிகளுக்கு எதிரானது. பக்கத்து ஊர் தனிநபரிடம் நேரடியாக வாங்கியிருந்தால் உரிமையியல் நீதிமன்றம்தான். திருட்டு வண்டி, போலி ஆர்.சி., திட்டமிட்ட மோசடி என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

வழக்கு நிற்பதற்கு எழுத்து வேண்டும். விலை பேசும்போதே கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: "தாளவாடியிலிருந்து சத்திக்கு ஒன்றரை டன் காய்கறி ஏற்றி மலை இறங்கி ஏற வண்டி வேண்டும், இது தாங்குமா?" நோக்கத்தைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். வண்டியை எடுக்கும்போது தேதி, நேரம், மீட்டர் ரீடிங் எழுதிய டெலிவரி ரசீதில் இருவரும் கையெழுத்திடுங்கள். விலையில் ஒரு கணிசமான பகுதியைப் பெயர் மாற்றம் முடியும்வரை கொடுக்காதீர்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தீரவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, வேண்டும் என்றால் 15100-இல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். குறை தெரிந்ததும் வேறு மெக்கானிக்கிடம் பிரித்து ஓட்டத் தொடங்காமல், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் எழுத்தில் அறிக்கை வாங்கிக்கொள்ளுங்கள். வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் காலக்கெடு. "அடுத்த வாரம் சரி பண்ணித் தர்றேன்" என்று கடைக்காரர் இழுத்தடித்தாலும் அந்தக் கெடு நிற்காமல் ஓடும்.