சுரங்கவழி பழுதடைந்ததை வழிச்செலுத்தி எவ்வாறு அறியும்?

மாணவர்களே! தரவுப் பொதிகளை ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செலுத்தும் சாதனம் வழிச்செலுத்தி எனக் கற்றுள்ளீர்கள். பெரிய தொலைத்தொடர்பு வலையமைப்புகளில், நெரிசலைத் தவிர்ப்பதற்காகப் பொதிகள் செல்லவேண்டிய பாதை முன்கூட்டியே வகுக்கப்படுவதுண்டு. இப்பாதையே போக்குவரத்துப் பொறியியற் சுரங்கவழி எனப்படும்.

கேபிள் அறுந்தால் அதனுடன் தொடுக்கப்பட்ட வழிச்செலுத்தி உடனே அறியலாம். ஆனால், நடுவிலுள்ள வழிச்செலுத்தியொன்று ஒழுங்காக இயங்குவதுபோற் காட்டிக்கொண்டே பொதிகளை இழக்கவும் கூடும். தொடக்க முனையோ பாதை நலமென எண்ணித் தொடர்ந்து அனுப்பும். இதுவே பெரிய ஆபத்து.

இதனைக் கண்டறிய உதவும் நடப்பொழுங்கு பி.எவ்.டி. ஆகும். இது 2010 இல் வெளியிடப்பட்டது. இரவுக் காவலாளி குறித்த நேரத்துக்கு ஒருமுறை மணி அடிப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை கேட்காவிட்டால் பொறுத்திருப்போம். தொடர்ந்து மூன்று முறை கேட்காவிட்டால் எழுந்து பார்ப்போம். அதுபோலவே சிறிய பொதிகள் அதே சுரங்கவழியால் ஓயாது அனுப்பப்படுகின்றன. அவை வராவிட்டால் பாதை பழுது எனத் தீர்மானிக்கப்படும்.

கண்டறியும் நேரம் = அனுப்பும் இடைவெளி × பெருக்கி

உதாரணம்: இடைவெளி 50 மில்லிசெக்கன், பெருக்கி 3 எனின்,
50 × 3 = 150 மில்லிசெக்கன்.

ஓ.எஸ்.பி.எவ். நடப்பொழுங்கு வழமையாக 10 செக்கனுக்கு ஒருமுறை வணக்கச் செய்தி அனுப்பி, 40 செக்கன் காத்திருக்கும். செக்கனுக்கு 1 கிகாபிற்று செல்லும் பாதையில் 40 செக்கனில் 5 கிகாபைற்று தரவு இழக்கப்படும். 150 மில்லிசெக்கனில் இழப்பது 18.75 மெகாபைற்று மட்டுமே.

அப்படியாயின் இடைவெளியை மிகவும் குறைத்துவிடலாமா? கூடாது. வழிச்செலுத்தியின் வேலைப்பளு கூடும். சிறு தாமதத்தையும் பழுதெனக் கருதி நல்ல பாதையைக் கைவிட்டுவிடும்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. சுரங்கவழியின் இரு முனைகளிலும் பி.எவ்.டி. இயக்கப்படல் வேண்டும்.
2. ஒரு முனை 50 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அனுப்ப விரும்பினும், மறுமுனையால் 100 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையே பெறமுடியுமாயின் 100 என்பதே நடைமுறைக்கு வரும். பெருக்கி 3 எனின் விடை 300 மில்லிசெக்கன். மாணவர் பிழைவிடும் இடம் இதுவே.
3. மாற்றுப் பாதையொன்று முன்னரே ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

நினைவிற் கொள்க: பி.எவ்.டி. பழுதை அறிவிக்குமேயன்றித் திருத்தாது. மாற்றுப் பாதை இல்லையெனின், விரைவாக அறிந்தும் பயனில்லை.