ஒடியல் மாவும் அடுக்களை அறிவும்

தென் அமெரிக்காவின் பேரு நாட்டிலே, கடல்மட்டத்திற்கு 4,000 மீற்றருக்கு மேற்பட்ட மலைச்சமவெளிகளில் மாக்கா என்னும் கிழங்கு விளைகின்றது. அம்மலைவாழ் மக்கள் அதனை உலர்த்திச் சேமித்து, வேண்டும்போது அவித்து உண்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம். இன்றோ அக்கிழங்கின் மா போத்தல்களில் அடைபட்டு உலகெங்கும் விலைபோகின்றது. வாங்குவோர் பலர் அதனை அவியாமலே பாலிற் கலந்து பருகுகின்றனர். மா கடல் கடந்தது. அடுக்களைப் பழக்கமோ ஊரிலேயே தங்கிவிட்டது. நமது ஒடியல் மாவுக்கும் இந்நிலை நேர்ந்துவிடலாகாது என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

பனம்விதைகளைப் பாத்தியிலே அடுக்கி மண்ணிட்டு மூடினால், சில மாதங்களிற் கிழங்கு முற்றிவிடும். தை, மாசி மாதங்களிற் பாத்தி கிண்டப்படும். பச்சைக் கிழங்கைத் தோல் நீக்கி, இரண்டாகக் கிழித்து வெயிலிற் காயவைத்தால் அஃது ஒடியல். அவித்த கிழங்கைக் காயவைத்தால் அது புழுக்கொடியல். இவ்விரண்டையும் இடித்தால் வருவது மாவே. எனினும் ஒன்று பச்சை மா, மற்றையது வெந்த மா. இந்த வேறுபாட்டை மறப்பதிலேதான் இடர் உண்டு.

ஒடியலின் பயனை யாழ்ப்பாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டிலும், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலும் பனங்கிழங்கு பல குடும்பங்களின் பசியை ஆற்றியது. இம்மாவிலே மாப்பொருள் மிகுதி. நார்ச்சத்து நிறைய உண்டு. கொழுப்பு மிகக் குறைவு. நார்ச்சத்து மலச்சிக்கலைத் தவிர்க்க உதவும். பசியை நெடுநேரம் தாங்கவுஞ் செய்யும். கோதுமைப் பசையம் ஒவ்வாதவர்க்கும் இது தகுந்த உணவு. ஆயினும் மாப்பொருள் மாப்பொருளே. “ஒடியல் தானே” என்று நீரிழிவு நோயாளர் அளவின்றி உண்ணலாகாது.

இனி, கவனிக்கவேண்டிய மறுபக்கத்தைக் காண்போம். பேராசிரியர் எஸ். என். அர்சகுலரத்ன முதலிய இலங்கை ஆய்வாளர்கள் 1971ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பனங்கிழங்கு மாவை உணவாகக் கொடுத்து வளர்த்த எலிகளின் ஈரல் பழுதுற்றமையை அவர்கள் கண்டனர். பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளில், எலிகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் தன்மையும் அம்மாவில் உண்டென அறியப்பட்டது. வெப்பம் அந்நச்சுத் தன்மையைக் குறைக்கும் என்பதும் தெரியவந்தது. எலி உண்ட அளவையும் நாம் எப்போதாவது உண்ணும் பிட்டையும் ஒப்பிட்டு அஞ்சவேண்டியதில்லை. ஆனால் பச்சை மாவை அன்றாடம் கரைத்துக் குடிப்பது தகாது என்பதற்கு இவ்வாய்வுகளே போதிய எச்சரிக்கையாகும்.

நம் பாட்டிமார் ஆய்வுகூடம் கண்டவரல்லர். எனினும் ஒடியல் மாவை அவர்கள் ஒருபோதும் நேரே பயன்படுத்தியதில்லை. மாவை நிறைந்த நீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த கசப்பு நீரை வடித்து, மீண்டும் புதுநீர் ஊற்றுவர். அதன்பின் துணியிலிட்டுப் பிழிந்து, தேங்காய்ப்பூச் சேர்த்து நீற்றுப்பெட்டியிலே பிட்டாக அவிப்பர். கூழாயின், காய்கறியும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும், மச்சம் உண்போர் மீனும் நண்டும் இட்டுக் கொதிக்கவைத்து, ஊறிய மாவைக் கரைத்து ஊற்றிக் காய்ச்சுவர். கசப்பு நீங்கவே இத்தனையும் என்று நாம் எண்ணியிருந்தோம். உணவைக் காக்கும் முறையும் இதனுள்ளே அடங்கியிருந்தது.

ஆகவே இல்லத்தரசிகள் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். பொதியை வாங்கும்போது ஒடியல் மாவா, புழுக்கொடியல் மாவா என்று பார்த்து வாங்குக. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலந்து அப்படியே உண்பதற்குரியது புழுக்கொடியல் மாவே. ஒடியல் மாவை ஊறவைத்து, நீர் மாற்றி, நன்றாக வேகவைக்காமல் உண்ணற்க. கூழில் மாவை இட்டவுடன் இறக்கிவிடாது, மேலுஞ் சிறிது நேரம் கொதிக்கவிடுக. கசப்பு நீங்கியதனால் மட்டும் எல்லாம் நீங்கிற்றென்று கொள்ளாது, வேகவைப்பதையும் தவறாது செய்க. பூஞ்சணம் பிடித்த ஒடியலைக் கழுவிப் பயன்படுத்தலாமென எண்ணாது எறிந்துவிடுக. வாரத்தில் ஒருநாள், இருநாள் மற்றை உணவுகளோடு கலந்து உண்பதே நன்று. கருவுற்ற தாய்மாரும் ஈரல் நோயுற்றோரும் மருத்துவரைக் கேட்டு உண்பாராக.

1978ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை தோன்றியபின், பனம்பொருள்கள் அழகிய பொதிகளிற் சந்தைக்கு வருகின்றன. வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகளும் அவற்றை விரும்பி வாங்குகின்றனர். அது மகிழ்ச்சிக்குரியது. அவர்களுக்கு ஒரு பொதி ஒடியல் மா அனுப்பும் தாய், அதனோடு ஊறவைக்கும் முறையையும் அவிக்கும் முறையையும் ஒரு தாளில் எழுதி வைப்பாராக. மாவின் விலையினும் அந்தத் தாளின் பெறுமதி அதிகம்.