மொட்டைமாடியில் சிறுவிடை: முட்டைக்கு முன்னால் சேவலை யோசியுங்கள்!

'மயிலாப்பூரில் சொந்த வீடு. மேலே மொட்டைமாடி சும்மா கிடக்கிறது. கலப்பில்லாத நாட்டுக்கோழி நாலைந்து வளர்த்து, குஞ்சும் பொரிக்க வைக்க முடியுமா?'

மாடித்தோட்டம் போட்டுப் பழகிய நகரவாசிகளுக்கு அடுத்ததாக எழும் கேள்வி இதுதான். முடியும் என்பதே பதில். ஆனால், கோழி வாங்கும் முன்பே சேவல் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். நகரத்தில் நாட்டுக்கோழி வளர்ப்பு பெரும்பாலும் நின்றுபோவது தீவனத்தாலோ நோயாலோ அல்ல. அதிகாலை நான்கு மணிக் கூவலால்தான்.

சென்னைக்கும் கோழி வளர்ப்புக்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். தி.நகருக்கும் அடையாறுக்கும் இடையே இருக்கும் நந்தனத்தின் பெயரையே தாங்கி 'நந்தனம் கோழி' என்ற ரகங்கள் இருக்கின்றன. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் அங்கே இருந்தபோது வந்த பெயர் அது. நிலையம் பின்னர் மாதவரத்துக்கு மாறியது. பெயர் மட்டும் கோழியோடு தங்கிவிட்டது.

நந்தனம் ரகங்கள் புறக்கடை வளர்ப்புக்காக உருவாக்கப்பட்ட மேம்படுத்தப்பட்ட கோழிகள். முட்டை மட்டும் போதும் என்பவர்களுக்கு அவை பொருத்தமானவை. பாரம்பரிய இனத்தைக் காப்பாற்ற வேண்டும், தாய்க்கோழியே அடைகாத்துக் குஞ்சு பொரிக்க வேண்டும் என்றால் சிறுவிடைதான் சரி.

எது சிறுவிடை?

தமிழ்நாட்டு நாட்டுக்கோழிகளை உருவத்தை வைத்துப் பெருவிடை, சிறுவிடை என்று பிரிப்பார்கள். பெருவிடை என்பது அசில் வகை. உயரமும் நீண்ட கழுத்தும் கொண்ட சண்டைக்கோழி. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கு எடுத்த பழங்கால நடுகல்லே இருக்கிறது. பெருவிடையை மாடியில் அடைத்து வளர்ப்பது கடினம். சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் குதறிவிடும்.

சிறுவிடைப் பெட்டை 1 முதல் 1.5 கிலோதான் இருக்கும். நிறம் பலவாக இருக்கும். நிறத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. முட்டை சிறியது, ஏறத்தாழ 40 கிராம். இதன் பெரிய சொத்து அடைகாக்கும் குணமும் குஞ்சுகளைக் காக்கும் தாய்மையும்தான். கருங்கோழி என்று இங்கே விற்கப்படும் கடக்நாத், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதியைச் சேர்ந்தது. 2018-ல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல இனம்தான். ஆனால் அது சரியாக அடையில் உட்காராது. சிறுவிடையோடு அதைக் கலந்துவிட்டால் அடைக்குணம் மங்கிப்போகும்.

இழப்பு நேர்வது இந்த இடத்தில்தான். 'நாட்டுக்கோழி' என்ற பெயரில் வண்ணக் கறிக்கோழிக் கலப்புகளும் சந்தையில் விற்கின்றன. பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆறு மாதம் வளர்த்து, அடையில் உட்காராமல் எழுந்து போகும்போதுதான் தெரியும். எனவே குஞ்சு வாங்கும் இடத்தில் தாய்க்கோழியைக் காட்டச் சொல்லுங்கள். குஞ்சுகளோடு மேயும் தாயைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. தெருவோரம் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளை வாங்கவே வேண்டாம். பெரும்பாலும் அவை முட்டைக்கோழிப் பண்ணைகள் கழித்த ஆண் குஞ்சுகள்.

இடமும் கூண்டும்

ஆறு பெட்டைகளுக்கு 6 அடிக்கு 4 அடி கூண்டு போதும். ஒரு கோழிக்கு 4 சதுர அடி கிடைக்கும். பகலில் மாடியில் சில மணி நேரம் திறந்துவிட்டால் இன்னும் நல்லது. கூண்டின் அடித்தளம் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். அடையாறு போன்ற தாழ்வான பகுதிகளில் தரைத்தளத்தில் கூண்டு வைப்பவர்கள் மழைவெள்ளத்தை நினைவில் வைத்து இன்னும் உயர்த்தலாம்.

வலை முக்கியம். பூனை, பெருச்சாளி, காகம், பருந்து, தோட்டமுள்ள பகுதிகளில் கீரி என்று நகரத்தில் எதிரிகளுக்குக் குறைவில்லை. கோழி வலையில் பெருச்சாளி நுழையாது என்று நம்ப வேண்டாம். அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையே சரி.

தரையில் தென்னை நார்க்கழிவு அல்லது நெல் உமியை மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். வாரம் இருமுறை கிளறிவிட்டால் வாடை வராது. எச்சத்தில் ஈரம் தங்கினால்தான் நாற்றமும் ஈயும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த இடுபொருளை உடனே மாற்ற வேண்டும். ரத்தக்கழிச்சல் அந்த ஈரத்தில்தான் தொடங்கும். கழித்த எச்சத்தை நேரடியாகத் தொட்டிச் செடிக்குப் போட்டால் செடி கருகும். காய்ந்த இலையோடு சேர்த்து மூன்று மாதம் மட்கவைத்த பிறகே போட வேண்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் சிமென்ட் தளம் கொதிக்கும். கூரைமேல் தென்னங்கீற்று, பக்கவாட்டில் நனைத்த சாக்கு, மண்சட்டியில் நாள்தோறும் மூன்று முறை குளிர்ந்த நீர் ஆகியவை இல்லாமல் கோடையைத் தாண்ட முடியாது.

வேலையைத் தொடங்கும் முன் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கணக்கு என்ன சொல்கிறது?

சிறுவிடை 12 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். அடைக்காலம் 21 நாள். அதன்பின் இரண்டு மாதம் வரை குஞ்சுகளோடு திரியும். ஆகவே ஆண்டுக்கு 45 முதல் 60 முட்டை எதிர்பார்க்கலாம். ஆறு பெட்டைகள் சேர்ந்து ஆண்டுக்கு 270 முதல் 360 முட்டை. அதாவது நாளுக்குச் சராசரி ஒரு முட்டைகூட இல்லை.

ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 75 கிராம் தீவனம் என்றால் ஆறுக்கு 450 கிராம். ஆண்டுக்கு ஏறத்தாழ 164 கிலோ. ஒரு முட்டைக்கு அரைக் கிலோ தீவனம் என்று கணக்கு வரும்! கீரைத்தண்டு, காய்கறிக் கழிவு, மிச்சச் சோறு, அசோலா கொடுத்துத் தீவனச் செலவைக் குறைக்கலாம். உப்புப் போட்ட, பூசணம் பிடித்த உணவைக் கொடுக்கக் கூடாது. முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

எப்படிக் கணக்குப் போட்டாலும் முட்டைக்காகச் சிறுவிடை வளர்ப்பது நகரத்தில் கட்டுப்படியாகாது. இனத்தைக் காக்கவும், குஞ்சு பொரிக்கவும் வளர்ப்பதென்றால் மட்டுமே இதில் இறங்க வேண்டும்.

அடை வைக்கும் முறை

அடைமுட்டைக்கு ஏழு நாளுக்கு மேல் வயது கூடாது. சென்னை வெயிலில் முட்டையை வெளியே வைத்தால் கரு பாதி வளர்ந்து செத்துவிடும். ஈரமணலில் பாதி புதைத்த மண்பானைக்குள் முட்டையை வைத்து, மெல்லிய துணியால் மூடி வைக்கலாம். கூர்முனை கீழே இருக்கட்டும். அழுக்கு முட்டையைக் கழுவாமல் ஒதுக்கிவிடுங்கள்.

கோழியின் உடலுக்கு ஏற்றபடி 10 முதல் 12 முட்டை போதும். இருட்டான மூலையில் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இரவில் கோழியை உட்கார வைக்க வேண்டும். இடிக்குப் பயந்து முட்டைகளுக்கு நடுவே இரும்புத்துண்டு, கரி, மிளகாய்வற்றல் வைப்பது பழைய வழக்கம். வைத்தால் கெடுதல் இல்லை. ஆனால் கோழிப்பேன் இல்லாமல் பார்ப்பது அதைவிட முக்கியம். பேன் கடித்தால் கோழி அடையை விட்டு எழுந்துவிடும்.

ஏழாம் நாள் இரவு கைவிளக்கு வெளிச்சத்தில் முட்டையைப் பாருங்கள். சிலந்திவலை போல நரம்பு தெரிந்தால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடலாம். தை, மாசியில் பொரியும் குஞ்சுகளே சென்னையில் நன்றாகத் தேறும். மழையிலும் அக்னி வெயிலிலும் குஞ்சு இறங்காதபடி அடையைத் தள்ளிப்போடுங்கள்.

சேவலை என்ன செய்வது?

பொரியும் குஞ்சுகளில் பாதி சேவல். நான்கைந்து மாதத்தில் கூவத் தொடங்கும். அந்தப் பாதியை யாருக்குக் கொடுப்பது என்று அடை வைக்கும் அன்றே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு எளிய வழி, சேவலே இல்லாமல் பெட்டைகளை மட்டும் வளர்ப்பது. பெட்டை அடைக்கு உட்கார்ந்ததும், கிராமத்தில் உள்ள உறவினர் வீட்டிலிருந்து கருவுள்ள சிறுவிடை முட்டைகளைக் கொண்டுவந்து வைக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் வேறு ஊர் முட்டை என்றால் ரத்தமும் மாறும்.

இரண்டாவது வழி கூட்டு முயற்சி. ஒரே சேவலையும் ஆறு பெட்டைகளையும் வைத்து, வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் பெருக்கினால், தலைமுறைக்கு ஏறத்தாழ 14 சதவீதம் என்ற வேகத்தில் நெருங்கிய ரத்தக்கலப்பு ஏறும். அண்ணன் தங்கை இணைந்தால் ஒரே அடியில் 25 சதவீதம். பொரிப்புத்திறன் குறைவது, குஞ்சு சாவது, உருவம் சிறுத்துப் போவது எல்லாம் இதன் விளைவு. சந்தைக் கலப்பு ஒரு பக்கம் இனத்தைக் கெடுத்தால், பாசத்தோடு வீட்டுக்குள்ளேயே பெருக்குவது மறுபக்கம் கெடுக்கிறது.

இதற்கு மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று மூன்று வீடுகள் சேர்ந்தால் போதும். மூவரும் வெவ்வேறு ஊரிலிருந்து பெட்டைகளை வாங்க வேண்டும். பெட்டைக்குஞ்சுகள் பிறந்த வீட்டிலேயே தங்கும். சேவல் மட்டும் மாறும்: மயிலாப்பூரில் பிறந்தது அடையாறுக்கு, அடையாறில் பிறந்தது தி.நகருக்கு, தி.நகரில் பிறந்தது மயிலாப்பூருக்கு. எப்போதும் ஒரே திசை, திருப்பக் கூடாது.

சேவல் ஆண்டு முழுக்க வீட்டில் இருக்கத் தேவையில்லை. வளரும்வரை புறநகரில் இடமுள்ள ஒரு வீட்டில் விட்டுவைக்கலாம். கூண்டுக்கு வந்ததும் இரண்டு வாரம் தனியாக வைத்து நோய் இல்லை என்று உறுதி செய்த பின், பெட்டைகளோடு இரண்டு வாரம் விட்டால் போதும். சேர்த்த ஐந்தாம் நாளிலிருந்து அடைமுட்டை எடுக்கலாம். சேவலைப் பிரித்த பிறகும் பத்து நாள் வரை முட்டையில் கரு இருக்கும். ஆக, அக்கம்பக்கத்தார் பொறுக்க வேண்டியது ஆண்டில் ஒரு மாதம். முன்கூட்டியே சொல்லிவிட்டு, இரவில் பஞ்சாரத்தில் கவிழ்த்து இருட்டாக மூடிவைத்தால் கூவல் விடியும்வரை ஓரளவு அடங்கும்.

எந்தச் சேவலைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு நோட்டு வேண்டும். எந்தப் பெட்டை, எத்தனை முட்டை, எத்தனை பொரிந்தது, எட்டாவது வாரத்தில் எத்தனை குஞ்சு உயிரோடு இருந்தது என்று எழுதுங்கள். நிறத்தையும் கொண்டையையும் பார்த்து அல்ல, அதிகக் குஞ்சுகளைத் தேற்றிய தாயின் பிள்ளையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நோயில் தாமதம் கூடாது

வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்தான் பெரிய எமன். வந்தபின் மருந்தில்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசி. குப்பியில் நூறு கோழிக்குக் குறையாத மருந்து இருக்கும். கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். இங்கேயும் மூன்று வீடுகளும் ஒரே நாளில் சேர்ந்து போட்டால் மருந்து வீணாகாது. ஐஸ்பெட்டி இல்லாமல் மருந்தை எடுத்துச் செல்லக் கூடாது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் அவசியம். ஒரு கோழி சுருண்டாலும் உடனே தனியே பிரியுங்கள். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. இறந்த கோழியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அங்கே காட்டிக் காரணம் கேட்டால் மீதிக் கோழிகள் பிழைக்கும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: சேவல் இல்லாவிட்டால் பெட்டை முட்டையிடுமா?

பதில்: இடும். சாப்பிடலாம். பொரிக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: பேருந்தில் கொண்டுவந்த முட்டையை உடனே அடை வைக்கலாமா?

பதில்: வேண்டாம். உமி நிரப்பிய பெட்டியில் கொண்டுவாருங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்து, மறுநாள் இரவு அடை வையுங்கள். அதுவரை கோழியை இரண்டு சாதாரண முட்டைகளின் மேல் உட்கார வைத்திருங்கள்.

கேள்வி: தெருவில் காகங்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கோழியை என்ன செய்வது?

பதில்: செத்த காகத்தைக் கையால் தொடாதீர்கள். கோழிகளைக் கூண்டுக்குள் அடைத்து, தீவனத்தில் காகம் வாய்வைக்காதபடி மூடுங்கள். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கும் மாநகராட்சிக்கும் அன்றே தகவல் சொல்லுங்கள்.

கேள்வி: பெட்டை முட்டையே இடாமல் அடைக்கு மட்டும் உட்காருகிறது. தண்ணீரில் முக்கி எழுப்பலாமா?

பதில்: முக்க வேண்டாம். மூன்று நாள் வெளிச்சமும் காற்றும் உள்ள, கீழே வைக்கோல் இல்லாத கம்பிக்கூண்டில் தீவனம், தண்ணீரோடு விட்டால் அடை தெளிந்துவிடும். அதற்கு முன், பக்கத்து வீட்டுக்காரரிடம் அடைமுட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.