தொழில்வழிச் சிகிச்சை: கல்வியும் சமூகத் தேவையும் - முந்தலை முன்னிறுத்திய ஒரு நோக்கு

இலங்கைத் தமிழில் 'தொழில்வழிச் சிகிச்சை' என வழங்கும் துறையின் இயல்பை அதன் பெயரே பலருக்கு மறைத்துவிடுகின்றது. தொழில் என்றதும் ஊதியம் தரும் வேலையே நினைவுக்கு வருகின்றது. ஆனால் இலக்கண மரபில் 'தொழிற்பெயர்' என்பது உண்ணல், உடுத்தல், நடத்தல் முதலாய செயல்களின் பெயராகும். இத்துறை கருதும் தொழிலும் அதுவே. நோயாலோ விபத்தாலோ ஒருவர் இழந்த அன்றாடச் செயல்களைச் செயல்வழியாகவே மீட்டளித்தலும், மீளாதவற்றுக்கு மாற்றுவழியும் கருவியும் அமைத்தலும் இதன் பணிகளாம். இயன்மருத்துவர் மூட்டின் அசைவையும் தசையின் வலுவையும் முதன்மையாக நோக்குவார். தொழில்வழிச் சிகிச்சையாளரோ அவ்வசைவைக் கொண்டு அம்மனிதர் எதனைச் செய்ய வேண்டியுள்ளது என வினவுவார்.

இத்துறையின் தோற்றத்தை வரலாற்றுப் பின்னணியில் வைத்து நோக்குதல் தகும். 1917 இல் அமெரிக்காவில் இதற்கெனத் தேசியச் சங்கம் அமைந்தது. அந்நாடு முதலாம் உலகப்போரிற் புகுந்ததும் அதே ஆண்டிலேயே. காயமுற்ற படைவீரரை மீண்டும் உழைப்புக்கு உகந்தவராக்கும் தேவை இத்துறையை வளர்த்தது. உழைப்பாற்றலை மீளுற்பத்தி செய்ய முதலாளித்துவ அரசு விழைந்ததன் விளைவென இதனைக் கொள்ளலாம். ஆயின் உண்மை அவ்வளவே அன்று. மனநோயாளரைப் பூட்டிவைத்தலுக்கு மாறாகப் பயனுள்ள செயல்களில் ஈடுபடுத்த வேண்டுமெனப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மனிதநேயக் கருத்தும் இதன் வேராகும். கை உழைப்பின் உறுப்பு மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளுமாகும் என்று ஏங்கெல்சு 1876 இல் எழுதிய கருத்தை இத்துறை நடைமுறையில் மெய்ப்பிக்கின்றது எனலாம். பம்பாயில் 1950 இல் இதற்கான பயிற்சிப் பள்ளி தோன்றியது. 1952 இல் உலகக் கூட்டமைப்பை நிறுவிய பத்து நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

இலங்கையில் நெடுங்காலம் கொழும்பிலுள்ள பயிற்சிப் பள்ளியின் டிப்ளோமாவே இதற்கு வழியாயிருந்தது. இன்று களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவபீடம் பட்டக்கல்வியும் அளிக்கின்றது. உடற்கூற்றியல், நரம்பியல், உளவியல், குழந்தை வளர்ச்சி ஆகியவற்றுடன், ஒரு செயலைக் கூறுகூறாகப் பகுத்தாராயும் முறையும் கற்பிக்கப்படும். உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்ச நியமம் 1000 மணிநேரக் களப்பயிற்சியை வேண்டுகின்றது. கற்றோர் பொது வைத்தியசாலைகள், மனநல நிலையங்கள், குழந்தை வளர்ச்சி நிலையங்கள், விசேட கல்வி, தொழுநோயாளர் புனர்வாழ்வு, கற்பித்தல், ஆய்வு எனப் பல களங்களிற் பணிபுரியலாம்.

இனி முந்தலுக்கு வருவோம். இப்பிரதேசத்தைச் சேர்ந்த உடப்பில் கரைவலை இழுக்கும் ஒருவர் பாரிசவாதத்தால் வலக்கை தளர்ந்தார் எனக் கொள்வோம். கயிற்றைப் பற்றுதல், கிழிந்த வலையைச் சீர்செய்தல், சோறு பிசைந்துண்ணல் ஆகிய மூன்றும் மூவேறு பிடிகளை வேண்டுவன. கிடுகு பின்னும் பெண்ணின் விரல்களுக்கு வேறொரு நுட்பம் வேண்டும். இவற்றைப் பாடநூல் கூறாது. நோயாளியே கூறல் வேண்டும். எனவே இச்சிகிச்சையில் உரையாடலே ஆய்வுக்கருவி. நோயாளியின் மொழியறியாதவர் கையின் வலுவை அளக்கலாம், வாழ்க்கையை அளக்கவியலாது.

முந்தலைக் கடக்கும் புத்தளம் புகையிரதப் பாதை றாகமவிலேயே தலைப்பாதையிலிருந்து பிரிகின்றது. எனினும் மீனவர் பிள்ளை ஒருவருக்கு அப்பல்கலைக்கழகம் தொலைவிலேயே உள்ளது. அனுமதிக்கு உயர்தர உயிரியற் பிரிவு வேண்டும். விஞ்ஞானப் பிரிவோ 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. பின்னர் ஆங்கிலமொழிப் போதனை எதிர்ப்படுகின்றது. இத்தடைகள் தனிமனிதத் திறமைக்குறைவால் எழுந்தவை அல்ல. கல்வி வளங்களின் ஏற்றத்தாழ்வான பங்கீட்டால் எழுந்தவை.

ஆகவே கிராமப்புற விஞ்ஞானக் கல்வியை விரித்தலும், இத்துறைக்குத் தமிழிற் கலைச்சொற்களையும் மதிப்பீட்டு வினாக்களையும் ஆக்குதலும் ஒருங்கே நிகழ வேண்டியவை. முன்னது அரசின் கடன். பின்னது தமிழாய்வாளராகிய நமது கடன். வலை, கயிறு, கிடுகு சார்ந்த சொற்களை அம்மக்களிடமிருந்தே தொகுத்து, அதனை நாம் தொடங்கலாம்.