உங்களுக்குத் தெரியுமா? கரண்ட் வந்ததும் சிட்டா புரட்டும் சர்வர்

மின்வெட்டுக்குப் பின் 'ஸ்டார்ட் ஆகவில்லை' என்று நாம் கைவிடும் டேட்டாபேஸ் சர்வர், பல நேரம் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது!

● கணக்குப்பிள்ளை முதலில் சிட்டாவில் குறித்துப் பிறகு பேரேட்டில் ஏற்றுவார். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் இரண்டும் அப்படித்தான். கரண்ட் திடீரென்று போனால், அடுத்த முறை தொடங்கும்போது 'சிட்டா'வைப் படித்து, விடுபட்டதைப் பேரேட்டில் ஏற்றிய பிறகே கதவைத் திறக்கும். சில நொடியும் ஆகலாம், மணிக்கணக்கும் ஆகலாம். நடுவில் நிறுத்தினால் அந்த வேலை மறுபடி தொடங்கும்.

● 2016 டிசம்பர் 12, வர்தா புயல். சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்தப் பகுதியில் சர்வர் வைத்திருக்கும் சோழவரம், கும்மிடிப்பூண்டிப் பட்டறைகளுக்கு யு.பி.எஸ். ஆடம்பரம் அல்ல.

● சர்வர் தொடங்காததற்கு வேறு காரணங்களும் உண்டு. லினக்ஸில் தரவு ஃபோல்டருக்கு '777' அனுமதி கொடுத்தால் போஸ்ட்கிரஸ் தொடங்கவே மறுக்கும். நல்லெண்ணத்தில் செய்யும் தவறு இது!

● இவற்றையும் பாருங்கள்: டிஸ்க் நிரம்பியிருக்கிறதா? மைஎஸ்க்யூஎல்லின் 3306 அல்லது போஸ்ட்கிரஸின் 5432 போர்ட்டை வேறு புரோகிராம் பிடித்திருக்கிறதா?

இடம் போதவில்லை என்று லாக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அழிவது அந்தச் சிட்டாவாகவே இருக்கலாம். முதலில் எரர் லாகின் கடைசி வரிகளைப் படியுங்கள்.