அறுபது மீட்டர் ஓட்டமும் ஆலைவாசல் கேள்வியும்



சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையின் வாயிலில், இரவு ஷிப்டு முடித்து வெளியே வருகிறவரும், காலை ஷிப்டுக்கு உள்ளே போகிறவரும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து தேநீர் பருகும் நேரம். தை மாதப் பனி இன்னும் விலகவில்லை. நாளிதழை விரித்து வைத்திருந்த தோழர் ஒருவர், விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் கிடந்த நாலு வரிச் செய்தியைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே! அறுபது மீட்டர் ஓட்டமாம். கூரைக்குள்ளே ஓடறாங்களாம். ஆறரை நொடியிலே முடிஞ்சு போச்சாம். நம்ம கேட்டிலே கார்டைக் காட்டி உள்ளே போறதுக்கே அதைவிட நேரம் ஆகுதே! இதையும் ஒரு செய்தின்னு போடறாங்களே, இதனாலே நமக்கு என்ன?"

பெஞ்சி முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தக் கேள்வி மட்டும் அடங்கவில்லை. "நமக்கு என்ன?" பாட்டாளி கேட்கும் கேள்வி எதுவாயினும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டுமல்லவா! சொல்லிப் பார்க்கிறேன், கேளுங்கள்.

பனி கொட்டும் நாடுகளிலே மார்கழியும் தையும் மாசியும் வெளியே ஓட முடியாத மாதங்கள். அதற்காக ஓட்டக்காரர் போர்த்திக்கொண்டு படுத்துவிடவில்லை. பெரிய கூரை போட்டார்கள். அதன் கீழே தடம் போட்டார்கள். வெளியே வட்டத் தடம் 400 மீட்டர் என்றால், உள்ளே 200 மீட்டர். வெளியே 100 மீட்டர் ஓடும் வேகக்காரர், உள்ளே 60 மீட்டர் ஓடுகிறார். சனவரியில் முதல் முடிவுகள் வரும். பிப்ரவரியில் சூடு பிடிக்கும். மார்ச்சில் உலகப் பட்டம். அதன் பிறகு எல்லாரும் வெளியே வந்து வெயிலில் ஓடத் தொடங்குவர்.

அறுபது மீட்டரில் அப்படி என்ன இருக்கிறது? தொடக்கம் இருக்கிறது, தோழர்களே, தொடக்கம்! நூறு மீட்டரிலே தொடக்கத்தில் தடுமாறியவன் பின்பாதியில் எட்டிப் பிடித்து விடலாம். அறுபதில் அந்தச் சலுகை இல்லை. துப்பாக்கி வெடித்ததும் எழும் வேகம், முதல் பத்து அடிகளின் உந்தல், இவைதாம் வெற்றியையும் தோல்வியையும் எழுதுகின்றன. கூரைக்குள்ளே காற்றும் கிடையாது. வெளியே ஓடும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று தள்ளிவிட்டதா என்று கணக்குப் பார்க்கிறார்கள். நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் சாதனை செல்லாது. உள்ளே எவன் தள்ளுவான்? ஓடுகிறவனின் கால்தான் தள்ள வேண்டும். சுத்தமான கணக்கு. ஆகவேதான் கோடைக்காலத்தில் எவன் எப்படி ஓடுவான் என்பதைத் தையிலேயே மோப்பம் பிடிக்க விரும்புகிறவர்கள், இந்த நாலு வரிச் செய்தியைத் தேடிப் படிக்கிறார்கள்.

ஒரு பனிக்காலத்தின் கதையைக் கூறுகிறேன். 2018 ஆம் ஆண்டு. சனவரி 19 ஆம் நாள். அமெரிக்காவின் கிளெம்சன் எனும் ஊர். கிறிஸ்டியன் கோல்மன் என்னும் இளைஞர் அறுபது மீட்டரை 6.37 நொடியில் ஓடி முடித்தார். 1998 இல் மொரிஸ் கிரீன் 6.39 நொடியில் நாட்டிய உலகச் சாதனை, இருபது ஆண்டு அசையாமல் நின்றது, அன்று வீழ்ந்தது என்று உலகமே எக்களித்தது. ஆனால் நடந்தது என்ன? சாதனை ஏற்கப்படவில்லை! அவர் ஓடவில்லையா? ஓடினார். கடிகாரம் பொய் சொன்னதா? இல்லை. பின் ஏன்? காலை ஊன்றி உந்தி எழும் கட்டை இருக்கிறதே, அதிலே மின்கருவி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கி ஓசைக்கும் கால் உந்தலுக்கும் இடையே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்காவது கழிந்ததா என்று அது காட்ட வேண்டும். அதற்குள் உந்தினால் அது முந்திய ஓட்டம் என்பது விதி. அந்தக் கருவி அன்று அங்கே இல்லை. ஓடியவன் ஓடினான், சான்று சொல்லக் கருவி இல்லை, சாதனை ஏட்டிலே ஏறவில்லை!

கோல்மன் கண்ணீர் வடித்துக்கொண்டு கிடக்கவில்லை. அதே ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள், ஆல்புகெர்க்கி நகரில், கருவிகளெல்லாம் முறையாக இருக்க, 6.34 நொடியில் ஓடினார். அது உலகச் சாதனையாயிற்று. அந்நகரம் கடல் மட்டத்துக்கு 1500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி குறைவு, வேக ஓட்டத்துக்கு அது துணை செய்யும் என்பதையும் அறிந்தோர் கூறுவர். அப்படியே ஆகட்டும். மார்ச்சில் பர்மிங்காமில் உலகப் பட்டத்துக்கு ஓடியபோது அந்த உயரத்தின் துணை இல்லை, அங்கும் 6.37 ஓடித் தங்கம் பெற்றார். சனவரியில் ஏட்டில் ஏறாத எண்ணை மார்ச்சில் ஏற்றிக் காட்டினார்.

இனி, நம் பக்கம் திரும்புவோம். அதே பனிக்காலம், அதே 2018, பிப்ரவரி முதல் வாரம். கிளெம்சனுக்கும் ஆல்புகெர்க்கிக்கும் இடைப்பட்ட நாட்களில், ஈரான் நாட்டுத் தெகரான் நகரில் ஆசிய உள்ளரங்குப் போட்டி. அங்கே தமிழகத்து இளைஞர் ஒருவர் ஓடினார். பெயரைக் கேளுங்கள், காது குளிரும்: இலக்கியதாசன்! அறுபது மீட்டரை அவர் 6.67 நொடியில் ஓடினார். இந்தியர் எவரும் அதுவரை கூரைக்குள் அத்தனை விரைவாக ஓடியதில்லை. அந்நாளைய இந்தியச் சாதனை அது.

"6.34 எங்கே, 6.67 எங்கே?" என்று உதட்டைப் பிதுக்குவோர் உண்டு. சரி, கணக்குப் பார்ப்போம். இடைவெளி 0.33 நொடி. அந்த வேகத்தில் அது தரையிலே ஏறத்தாழ மூன்றரை மீட்டர். நம் வேட்டிக் கணக்கில் சொன்னால், எட்டு முழ வேட்டி ஒன்றை விரித்துப் போட்டால் எவ்வளவு நீளமோ, கிட்டத்தட்ட அவ்வளவு! உலகத்தின் முதல் வேகக்காரனுக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கும் நடுவே கிடப்பது ஒரு வேட்டி நீளம். அதைப் பார்த்து மலைத்து நிற்பதா, மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவதா?

"நம் உடல்வாகு அதற்கு இடம் தராது" என்பார் சிலர். 1966 இல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் தங்கம் யாருக்கு? மலேசியத் தமிழர் மணி ஜெகதீசனுக்கு. வெள்ளி? சிங்கப்பூர்த் தமிழர் கனகசபை குணாளனுக்கு. தங்கமும் தமிழர், வெள்ளியும் தமிழர்! 1968 இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் நூறு மீட்டரை 10.38 நொடியில் ஓடினார். ஜெகதீசன் இருநூறு மீட்டரை 20.92 நொடியில் ஓடி அரையிறுதி வரை நின்றார். கடல் கடந்து போன கால்கள் அப்படி ஓடின என்றால், குறை காலிலா இருக்கிறது?

தமிழனை விடுங்கள், ஆசியனாலேயே ஆகாது என்று சொன்ன காலமும் உண்டு. பர்மிங்காமில் கோல்மனுக்கு அடுத்து வந்தவர் யார் தெரியுமா? சீனத்தைச் சேர்ந்த சூ பிங்தியான். 6.42 நொடி, வெள்ளி. நெடிய ஆள் அல்லர். துப்பாக்கி வெடித்ததும் எந்தக் காலை முன்னே வைத்து எழுவது என்பதையே மாற்றி, பழகிய பழக்கத்தைக் களைந்து, புதிதாகக் கற்றவர். அந்தத் தொடக்கத்தின் விளைவு? 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் நூறு மீட்டரை 9.83 நொடியில் ஓடினார். ஆசியாவில் எவரும் அதற்கு முன் ஓடாத வேகம். பனிக்காலத்துச் செய்தியைப் படித்து வைத்திருந்தவன் அன்று வியக்கவில்லை; "இதை நான் எதிர்பார்த்தேன்" என்றான்.

"இதெல்லாம் வசதி படைத்தவன் வீட்டுக் கதை" என்று நம் தோழர் குறுக்கிடுவார். இல்லை, தோழரே!

ஒடிசாவில் கோபால்பூர் என்ற சிற்றூரிலே நெசவாளர் வீட்டில் பிறந்தவர் துத்தி சந்த். 2014 இல், உடலில் சுரக்கும் ஆண் இயக்குநீரின் அளவு கூடுதல் என்று கூறி, இந்தப் பெண் ஓடக்கூடாது என்று தடுத்தார்கள். அவர் செய்த குற்றம் எதுவும் இல்லை. பிறந்த உடலே குற்றமாம்! தறிக்காரர் மகள் அஞ்சவில்லை. விளையாட்டுக்கான உலக நடுவர் மன்றத்தில் வழக்காடினார். 2015 இல் ஓடும் உரிமையை மீட்டார். 2016 பிப்ரவரியில் தோகா நகரில் ஆசிய உள்ளரங்குப் போட்டி. அறுபது மீட்டர், 7.28 நொடி, இந்தியச் சாதனை; இறுதி ஓட்டத்தில் வெண்கலம். அதே ஆண்டு சூனில் நூறு மீட்டரை 11.24 நொடியில் ஓடி ரியோ ஒலிம்பிக்குக்கு வழி திறந்துகொண்டார். பிப்ரவரி பேசியது, சூன் ஆமென்றது. மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2023 இல் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக அவருக்கு நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. வருந்துகிறோம், பூசி மெழுகவில்லை. ஆனால் 2015 இல் அவர் வென்ற நீதி அதனால் பொய்யாகி விடாது.

விசாகப்பட்டினத்து ஜோதி யர்ராஜி இன்னொருவர். தந்தை காவலாளி, தாய் வீட்டு வேலை பார்த்தவர். நம் தொழிற்பேட்டை வாயிலில் சீருடையோடு நிற்கிறாரே ஒருவர், அவர் வீட்டுப் பெண் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தடை தாண்டி ஓடும் அறுபது மீட்டரில், 2024 பிப்ரவரியில் தெகரானில் 8.12 நொடி, ஆசியத் தங்கம். 2025 சனவரியில் பிரெஞ்சு நாட்டு நாந்த் நகரில் 8.04 நொடி. பிரான்சில் உறவினர் இல்லாத தெரு புதுச்சேரியில் அரிது. அவர்களில் எத்தனை பேர் அன்று அந்தச் செய்தியைப் படித்தார்களோ! படித்தவர்களுக்கு மே மாதம் ஆச்சரியம் இல்லை. தென்கொரியாவின் குமி நகரில் நடந்த ஆசியப் போட்டியில் அதே ஜோதி, நூறு மீட்டர் தடை ஓட்டத்தை 12.96 நொடியில் ஓடித் தங்கம் வென்றார்.

ஆனால், தோழர்களே, தையில் வந்த எண்ணைக் கண்டு கோடைக்கு மாலை கட்டிவிடவும் கூடாது. அதே 2025 இன் நடுவில் ஜோதிக்கு முழங்காலில் காயம், அறுவை சிகிச்சை. பட்டியலில் உள்ள எண் ஓடுவதில்லை; எலும்பும் சதையும் ஓடுகின்றன. ஆகவே, பனிக்காலத்து முடிவைப் படிக்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். தகுதிச் சுற்றா, இறுதி ஓட்டமா? எந்த ஊர், எத்தனை உயரம்? கருவிகள் முறையாக இருந்தனவா? அதே ஆள் அடுத்த மாதம் அதே வேகத்தைத் திருப்பிக் காட்டினாரா? நாலுக்கும் நல்ல பதில் இருந்தால், நம்புங்கள்.

இப்போது தோழரின் கேள்விக்கு வருகிறேன். "நமக்கு என்ன?"

கிளெம்சனிலே கோல்மனுக்கு இல்லாமற்போனது ஒரு கருவி. ஒரே மாதத்தில், கருவி இருந்த இன்னொரு களம் அவருக்குக் கிடைத்தது. நம் பிள்ளைகள்? விடியற்காலையில் இந்தத் தொழிற்பேட்டைச் சாலையிலே, லாரிகள் வருமுன், வெறுங்காலோடு ஓடுகிறானே ஒரு சிறுவன், மூட்டை தூக்குகிறவரின் மகன், அவனை நான் பலநாள் பார்த்திருக்கிறேன். அவன் ஓடுகிறான். எத்தனை நொடியில்? யார் அறிவார்! கோடு இல்லை, கட்டை இல்லை, கடிகாரம் இல்லை. மழை வந்தால் ஓட்டமும் இல்லை. கோல்மனின் 6.37 ஒருநாள் ஏட்டில் ஏறாமற்போனதற்கு உலகமே பேசியது. இவனுடைய ஓட்டம் ஒவ்வொரு நாளும் ஏட்டில் ஏறாமற்போகிறது, ஒருவரும் பேசவில்லை!

நமக்குப் பனி இல்லை. கூரை எதற்கு என்பீர்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையையும் சித்திரை வைகாசி வெயிலையும் எண்ணிப் பாருங்கள். அதற்காக மாளிகை கேட்கவில்லை. ஒடிசாவின் புவனேசுவரத்தில் கலிங்கா வளாகத்தில் கூரைக்குள் தடம் எழுந்திருக்கிறது. அத்தனை பெரிது நமக்கு உடனே வேண்டாம். கணக்குப் போடுங்கள். ஓட 60 மீட்டர். தொடக்கக் கோட்டுக்குப் பின்னே 3 மீட்டர். ஓடி முடித்து வேகம் தணிய 15 மீட்டர். ஆக, 78 மீட்டர் நீளம். ஒருவர் ஓடும் பாதை 1.22 மீட்டர்; ஆறு பாதைக்கு ஏழரை மீட்டருக்குள் அகலம். இதற்குப் பெயர் என்ன? ஆலைக் கொட்டகை! இரும்புத் தூண் நட்டு, தகரக் கூரை வேய்ந்து, இதைவிடப் பெரிய கொட்டகைகளைக் கட்டியவர்கள் யார்? தேநீர்க் கடையில் சிரித்தீர்களே, நீங்கள்தாம்!

பொருளை வைக்கக் கொட்டகை உண்டு. பிள்ளை ஓடக் கொட்டகை இல்லை என்பது என்ன நியாயம்? ஒரு கொட்டகை, ஆறு கோடு, நல்லதொரு கடிகாரம், அக்கறையுள்ள ஓர் ஆசிரியர். இதைக் கேட்போம். ஊராட்சியிடம் கேட்போம், அரசிடம் கேட்போம், ஆலை முதலாளிகளிடம் கேட்போம். பிச்சையாக அல்ல, பங்காகக் கேட்போம்.

அறுபது மீட்டர் ஓட்டம் கற்பிக்கும் பாடம் ஒன்றே: தொடக்கத்தில் பின்தங்கியவன் பிடிப்பதற்குள் கோடு வந்துவிடுகிறது. நம் பிள்ளைகளின் வாழ்வும் அப்படித்தானே இருக்கிறது! கால் அவர்களிடம் உண்டு. தொடக்கத்தை நாம் தர வேண்டும்.

நாளைக் காலை அந்த நாலு வரிச் செய்தியைக் கண்டால், பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழர்களே. படியுங்கள். படித்துவிட்டு, சாலையிலே ஓடும் அந்தச் சிறுவனை நிறுத்தி, எத்தனை நொடி என்று ஒருமுறை கணக்கெடுத்துச் சொல்லுங்கள். அவன் ஏட்டிலே முதல் வரி அதுவாக இருக்கட்டும்!